மாதா தங்கும் நாளில் ஈரத் துண்டு

அயர்லாந்தின் மேற்குப் பக்கம் நான் இருக்கும் இந்தச் சின்ன ஊரில் தினமும் சாயங்காலம் ஆறு மணிக்குத் தொலைக்காட்சி கோயில் மணி அடிக்கிறது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. செய்திக்கு முன்னால் ஒரு நிமிடம் நிதானமாக மணிச்சத்தம் கேட்கும். திரையில் யாரோ ஒருவர் தோட்டத்தில் நின்று வானத்தைப் பார்ப்பார், அல்லது ஒரு மீனவர் வலையை மடித்துக்கொண்டிருப்பார். நம் ஊர் மாதா கோயில்களில் மூவேளை ஜெபத்துக்கு அடிப்பார்களே, அதே மணிதான். ஆனால் எந்த வீட்டிலும் ஒருவரும் எழுந்திருக்க மாட்டார்கள். கெட்டிலில் தண்ணீர் கொதிக்கும், பிள்ளைகள் சோபாவில் குதிப்பார்கள், அப்புறம் செய்தி வரும். வந்த புதிதில் எனக்கு இது விசித்திரமாக இருந்தது. பிறகு நானும் கெட்டில் போடும் கூட்டத்தில் சேர்ந்துவிட்டேன்.

என் அம்மா சேரவில்லை. நானும் கணவர் ஜோவும் ஷிஃப்டில் வேலை பார்ப்பவர்கள். மகள் மியா பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த வருடம் அவளைப் பார்த்துக்கொள்ள அம்மா கீழ்க்கட்டளையிலிருந்து ஆறு மாதத்துக்கு வந்தாள். வந்த முதல் நாள் ஆறு மணிக்கு மணி அடித்ததும் சட்டென்று எழுந்து, முந்தானையால் தலையை மூடி, தொலைக்காட்சியைப் பார்த்துக் கை கூப்பி நின்றாள். முடித்துவிட்டுத் திரும்பி எங்களைப் பார்த்தாள்.

"டிவியே மணி அடிச்சுக் கூப்பிடுது, நீங்க பாட்டுக்கு உக்காந்திருக்கீங்க. அப்போ யாருக்குத்தான் அடிக்கிறாங்க?"

மறுநாளிலிருந்து அந்த ஒரு நிமிடம் எங்கள் வீடு முழுக்க எழுந்து நின்றது. ஜோ வாயில் பிஸ்கட்டோடு நிற்பார். அதை மெல்லலாமா கூடாதா என்று அவருக்குக் கடைசி வரை தெரியவில்லை, அம்மாவிடம் கேட்கவும் தைரியம் இல்லை.

அம்மாவின் பெயர் பிலோமினா. ஊரப்பாக்கத்தில் பிறந்து, அனகாபுத்தூர்க்காரரைக் கட்டிக்கொண்டு, கீழ்க்கட்டளையில் வீடு கட்டிக் குடியேறியவள். அப்பா அந்தோணி தாம்பரம் ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்குக் கோயில் என்றால் கிறிஸ்துமஸ், ஈஸ்டர், பிறகு யாராவது கல்யாணம். அம்மாவுக்கோ தினமும் விடியற்காலைப் பூசை. சமையலுக்குக்கூட அவளிடம் கடிகாரம் கிடையாது, ஜெபம்தான் கணக்கு. ஜெபமாலையில் தேவரகசியம் என்னும் பகுதி இரண்டு முடிந்தால் முட்டை வெந்திருக்கும். அவசரமாகச் சொன்னால் மஞ்சள் கரு இளகிவிடும். அப்படி இளகிய நாட்களில், "பக்தியும் வேகல, முட்டையும் வேகல" என்று அவளே தன்னைக் கேலி செய்துகொள்வாள்.

வீட்டுக்கு மேலே விமானங்கள் தாழப் பறக்கும். மீனம்பாக்கம் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்குத் தெரியும், அந்த இரைச்சலில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. அம்மா ஜெபத்தைப் பாதியில் நிறுத்தி, விமானம் போகட்டும் என்று காத்திருந்து, விட்ட சொல்லிலிருந்தே தொடர்வாள். நான் அயர்லாந்து வந்த பிறகு அந்த இடைவெளியில் அவள் சும்மா இருப்பதில்லை என்று அப்பா போனில் சொன்னார். ஒவ்வொரு விமானத்துக்கும் எனக்காக ஒரு சின்ன சிலுவை போட்டுக்கொள்வாளாம். "டெல்லி போற ஏரோப்ளேனுக்கெல்லாம் போட்டுகினு கீறா" என்று அப்பா சிரித்தார்.

அவளுடைய வருடத்தில் அக்டோபர்தான் உச்சம். ஜெபமாலை மாதம். நான்கைந்து தெருக்களைச் சேர்த்து ஓர் அன்பியம் என்று கோயிலில் பிரித்திருப்பார்கள். அக்டோபரில் அன்பியத்தின் மாதா சுரூபம், அதாவது சிலை, ஒரு வீட்டில் ஒரு ராத்திரி என்று தங்கும். சாயங்காலம் எல்லோரும் மெழுகுவத்தியோடு பாடிக்கொண்டு மாதாவை அழைத்து வருவார்கள். மழை பெய்தால் குடை முதலில் மாதாவுக்கு, மிச்சம் இருந்தால் மனிதர்களுக்கு. அந்த வீட்டுக்காரர் ஜெபமாலையைத் தொடங்கிவைப்பார். முடிந்ததும் கேசரியோ சுண்டலோ கிடைக்கும். மறுநாள் சாயங்காலம், எந்த வீட்டில் மாதா தங்கினாரோ அந்த வீட்டுக்காரர்தான் தன் கையால் சுமந்து அடுத்த வீட்டில் சேர்க்க வேண்டும். எங்கள் வீட்டில் ஒவ்வொரு வருடமும் சுமந்தது அம்மா. அப்பா முழங்கால் வலி என்பார். டீக்கடை நண்பர்கள் முன்னால் சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு பாட்டுப் பாடிப் போக வெட்கம் என்பதுதான் உண்மை. ஜெபத்தின்போதும் கடைசியில் மின்விசிறிக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிவிடுவார். தூங்குகிறார் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

மாதா தங்கும் நாளில் அம்மா வைத்த சட்டம் ஒன்று உண்டு. வீட்டில் யாரும் யாரையும் திட்டக் கூடாது. சட்டம் போட்டவளுக்கும் அது பொருந்தும். அப்பா இந்த வாய்ப்பை வருடம் முழுக்க எதிர்பார்த்துக் காத்திருப்பார். அன்றைக்கு என்று குளித்துவிட்டு ஈரத் துண்டைக் கட்டிலில் மெத்தை மேல் போடுவார். சாதாரண நாளில் அது பெரிய குற்றம். அம்மா பார்ப்பாள், மாதாவைப் பார்ப்பாள், பல்லைக் கடித்துக்கொண்டு துண்டை எடுத்துக் கொடியில் போடுவாள். அப்பா செய்தித்தாளுக்குப் பின்னால் குலுங்குவார். மறுநாள் மாதாவை அடுத்த வீட்டில் சேர்த்துவிட்டுத் திரும்புவாள் பாருங்கள், செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிடுவாள். துண்டு, மெத்தை, பஞ்சில் ஏறும் ஈரம், ஒரு மனுஷன் இத்தனை வயசுக்கு மேல் திருந்துவானா என்பது வரை எல்லாம் வரும். அப்பா சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டிருப்பார். அவர்கள் இருவருக்கும் நடுவில் அது ஒரு திருவிழா. வெளியாளுக்குச் சண்டை மாதிரி தெரியும்.

அம்மா இங்கே இருந்தபோதும் அக்டோபர் வந்தது. புடவைகளுக்கு நடுவில் சுற்றி எடுத்துவந்த ஒரு முழ உயர மாதா சுரூபம் அவளிடம் இருந்தது. அதை நாலு வீட்டுக்கு அழைத்துப் போக வேண்டும் என்றாள். நாலு வீடு எங்கே இருக்கிறது, எனக்குப் பக்கத்து வீட்டு நோராவைத் தவிர யாரையும் தெரியாது. நோரா கணவரை இழந்தவர், எண்பது வயதை நெருங்குபவர், தனியாக இருந்தார். ஒரு நாள் சாயங்காலம் பட்டுப் புடவைக்கு மேல் ஜோவின் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு அம்மா முன்னே நடக்க, மியாவும் நானும் மெழுகுவத்தியோடு பின்னால் போனோம். இந்த ஊரில் குடை பிடிக்கிற வழக்கம் கிடையாது, காற்று விடாது. ஆனாலும் மாதாவுக்குக் குடை பிடித்தேன். அது இரண்டு முறை மல்லாந்துகொண்டது.

கதவைத் திறந்த நோராவின் கையில் அம்மா சுரூபத்தைக் கொடுத்துவிட்டு முழங்காலில் நின்றாள். அம்மா தமிழிலும் நோரா ஆங்கிலத்திலும் ஜெபமாலை சொன்னார்கள். ஒருவர் மொழி ஒருவருக்குத் தெரியாது, ஆனால் எங்கே நிறுத்த வேண்டும் என்று இருவருக்கும் தெரிந்திருந்தது. கடைசியில் நோரா அழுதுவிட்டார். தன் தாய் போன பிறகு இந்த வீட்டில் யாரும் சத்தமாக ஜெபம் சொன்னதில்லை என்றார். டின்னிலிருந்து பிஸ்கட் எடுத்துக் கொடுத்தார்.

மறுநாள் சாயங்காலம் அம்மா வாசலில் கோலமாவுக்குப் பதில் மைதாவில் சின்னதாக ஒரு கோலம் போட்டு, மெழுகுவத்தி ஏற்றி, ஜன்னலோரம் காத்திருந்தாள். நோரா மாதாவைச் சுமந்து எங்கள் வீட்டுக்கு வர வேண்டும், அதுதானே முறை. நோரா வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. பார்த்தால், அவர் வீட்டு முன் ஜன்னலில் மாதா நின்றுகொண்டிருந்தார், பக்கத்தில் மின்சார மெழுகுவத்தி. வாரக் கடைசியில் நோரா ஆப்பிள் பலகாரம் ஒன்றைச் சுட்டு எடுத்துக்கொண்டு வந்தார். தன் வாழ்க்கையில் கிடைத்த பரிசுகளிலேயே இதுதான் அழகானது, உன் அம்மாவுக்கு எப்படி நன்றி சொல்வது என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அம்மா ஒன்றும் புரியாமல் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள்.

அவர் போன பிறகு விஷயத்தைச் சொன்னேன். அம்மாவின் முகம் ஒரு கணம் வாடியது. அவளுடைய தாய் அவளுக்குக் கொடுத்த சுரூபம் அது. நானே போய் நம் வழக்கத்தை விளக்கிச் சொல்லி வாங்கிவருகிறேன் என்றேன். அவள் பலகாரத்தை ஒரு விள்ளல் வாயில் போட்டுக்கொண்டாள்.

"வேணாம் ஜெனி. அவங்க வீட்ல பேச ஆளில்ல. மாதா அங்க கொஞ்ச நாள் இருக்கணும்னு நினைச்சிருப்பாங்க. நீ போய்க் கேட்கக் கூடாது."

அதற்குப் பிறகு ஆறு மணிக்கு மணி அடித்தபோது அவள் தொலைக்காட்சியைப் பார்த்து நிற்கவில்லை. எங்கள் சமையலறை ஜன்னலில் நின்று நோராவின் ஜன்னலைப் பார்த்துக் கை கூப்பினாள். மாதா கொஞ்சம் தள்ளி இருக்கிறார், அவ்வளவுதான் என்றாள். ஊருக்குக் கிளம்பும்போது, பெட்டியில் சுரூபமும் எங்களுக்குக் கொண்டுவந்த ஊறுகாய் பாட்டில்களும் இருந்த இடத்தில் மியாவின் பழைய ஸ்வெட்டர்களை அடுக்கிக்கொண்டு போனாள், கீழ்க்கட்டளை வெயிலில் யார் போடுவது என்று கேட்டும் கேளாமல்.

போன ஜூன் மாதம் காலைப் பூசை முடிந்து வீட்டுக்கு வந்து, முட்டையை அடுப்பில் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. இதயம் என்றார்கள். கையில் ஜெபமாலை இருந்ததாம். நான் போய்ச் சேர்ந்து, அடக்கம் முடிந்து, அப்பாவை என்னோடு வரச் சொல்லிக் கெஞ்சினேன். அவர் அசையவில்லை. அக்டோபரில் மாதா வருவார், வீடு பூட்டிக் கிடந்தால் நன்றாகவா இருக்கும் என்றார். நாற்பது வருடம் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்த மனிதர் சாக்குச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். ஆனாலும் அக்டோபருக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன்.

எங்கள் வீட்டு முறை வரும் நாள் அப்பா விடியலிலேயே எழுந்து வீடு முழுக்கக் கழுவிவிட்டிருந்தார். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டார். அம்மாவின் படத்துக்கு அடியில் மாதாவுக்கு மேசை போட்டு, அம்மா வைத்திருந்த அதே சரிகைத் துணியை விரித்தார். மேடவாக்கத்தில் போய் மல்லிகை வாங்கிவந்தார். கேசரி கிளறுகிறேன் என்று ரவையைக் கருக்கினார், நான் திரும்பக் கிளறினேன். ஏழு மணிக்கு வாசல் விளக்கைப் போட்டு, கையில் மெழுகுவத்தியோடு கேட்டருகே நின்றார். மழை தூறிக்கொண்டிருந்தது.

தெருமுனையில் பாட்டுச் சத்தம் கேட்டது. குடைக்கு அடியில் மாதா வந்தார். எங்கள் வீட்டை நெருங்கினார்கள், கேட்டைத் தாண்டினார்கள், அடுத்த வீட்டை நோக்கிப் போய்க்கொண்டே இருந்தார்கள். அன்பியத் தலைவி ஸ்டெல்லா அக்கா என்னைப் பார்த்து இரக்கத்தோடு தலையசைத்துவிட்டு நடந்தார். எனக்கு அப்போதுதான் புரிந்தது. துக்க வீடு, ஒண்டி ஆம்பளை, பொம்பளை இல்லாத வீட்டில் யார் ஜெபம் நடத்துவது, யார் பலகாரம் செய்வது, பாவம், தொந்தரவு செய்ய வேண்டாம் என்று நல்ல மனசோடு எங்களைத் தாண்டிவிட்டார்கள். அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்கவும் சங்கடப்பட்டிருப்பார்கள். அம்மாவோடு இந்த வீடும் போய்விட்டது என்று தெருவே சொல்வதுபோல் இருந்தது. அப்பாவின் கையில் மெழுகுவத்தி மழையில் அணைந்துவிட்டது.

"ஸ்டெல்லா," என்றார் அப்பா. பாட்டு நின்றது. "எங்க வூடு இங்க கீதும்மா. பிலோ இல்லன்னா மாதா வர மாட்டாங்களா?"

ஸ்டெல்லா அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "தப்பு பண்ணிட்டேன் அண்ணா, மன்னிச்சிடுங்க" என்று சொல்லி மாதாவோடு திரும்பினார். அடுத்த வீட்டுக்காரர்கள் தாங்கள் செய்துவைத்திருந்த சுண்டலைப் பாத்திரத்தோடு தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்கள்.

வீட்டுக்காரர்தான் ஜெபத்தைத் தொடங்கிவைக்க வேண்டும். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா முழங்காலில் நின்றார். முழங்கால் வலி எங்கே போனதோ. கண்ணை மூடிக்கொண்டு, அம்மா வழக்கமாகச் சொல்லும் வேண்டுதல்களை அவள் சொல்லும் வரிசையிலேயே சொல்ல ஆரம்பித்தார். ரயிலில் போகிறவர்கள் பத்திரமாக வீடு சேர வேண்டும். சிலிண்டர் தூக்குகிறவர்களின் முதுகு வலிக்காமல் இருக்க வேண்டும். மாடி வீட்டுப் பெண் பரீட்சையில் தேற வேண்டும். பேச ஆளில்லாத நோராம்மாவுக்கு மாதா துணை இருக்க வேண்டும். குளிரில் இருக்கிற பொண்ணும் பேத்தியும் ஸ்வெட்டர் போட்டுக்கொள்ள வேண்டும். நடுவில் ஒரு விமானம் போனது. அப்பா நிறுத்தினார், நெஞ்சில் ஒரு சின்ன சிலுவை போட்டுக்கொண்டார், விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். பிளாஸ்டிக் நாற்காலியில் அவர் ஒரு நாள்கூடத் தூங்கியிருக்கவில்லை.

கடைசி வேண்டுதல் வந்தது. அதையும் அவர் விடவில்லை.

"மாதாவே, இந்த மனுஷனுக்கு நல்ல புத்தி குடுங்க. இத்தினி வயசாயி இன்னும் திருந்தல."

முதலில் ஸ்டெல்லா அக்காதான் சிரித்தார். அப்புறம் அறை முழுக்கச் சிரித்தது. சிரித்துக்கொண்டே எல்லோரும் அழுதோம், எனக்கு மூக்கைச் சிந்தத் துணி கிடைக்கவில்லை. அப்பா மட்டும் கண்ணைத் திறக்காமல் ஜெபமாலையைத் தொடங்கினார்.

மறுநாள் சாயங்காலம் அப்பா மாதாவைக் கையில் எடுத்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, தேங்கிய தண்ணீரில் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து நடந்தார். நான் குடை பிடித்தேன். டீக்கடையைத் தாண்டும்போது அவருடைய நண்பர்கள் என்ன சொல்லப் போகிறார்களோ என்று பயந்தேன். அவர்கள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார்கள். ஒருவர் எங்களோடு கூடவே வந்துவிட்டார், அவர் எங்கள் கோயிலும் இல்லை, எந்தக் கோயிலும் இல்லை.

அடுத்த வீட்டில் மாதாவைச் சேர்த்துவிட்டு நாங்கள் இருவரும் திரும்பி வந்தோம். மேசை வெறுமையாக இருந்தது. அப்பா கட்டிலில் போய் உட்கார்ந்தார். அவர் பக்கத்தில் மெத்தை மேல் ஈரத் துண்டு கிடந்தது. மாதா இருக்கும்போதே, காலையில் குளித்துவிட்டுப் போட்டிருக்கிறார். யாரும் எடுத்துக் கொடியில் போடாமல் அது அப்படியே கசங்கிக் கிடந்தது. அப்பா துண்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இன்னா பாப்பா, மாதாதான் போய்ட்டாங்களே. ஒண்ணும் சொல்ல மாட்டியா?"

நான் துண்டைக் கையில் எடுத்தேன். ஆரம்பித்த பிறகு நிற்கவில்லை. துண்டு, மெத்தை, பஞ்சில் ஏறும் ஈரம், ஒரு மனுஷன் இத்தனை வயசுக்கு மேல் திருந்துவானா என்பது வரை எல்லாவற்றையும் திட்டித் தீர்த்தேன். அம்மாவின் சொற்கள் எல்லாம் என் வாயில் தயாராக இருந்தன. அப்பா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து, திருப்தியாகக் கேட்டுக்கொண்டிருந்தார். கன்னத்தில் வழிந்ததை அவர் துடைத்துக்கொள்ளவில்லை.

என்னோடு வர அவர் இந்த முறையும் சம்மதிக்கவில்லை. நான் இங்கே திரும்பி வந்த அந்த வாரமே வாட்ஸாப்பில் ஒரு படம் வந்தது. கட்டில், அதன்மேல் ஈரத் துண்டு. எழுத்து ஒன்றும் இல்லை. தொழிற்சாலை உணவுக்கூடத்தில் உட்கார்ந்து குரல் செய்தியில் கத்தித் தீர்த்தேன். எதிரில் இருந்த சக ஊழியர் ஒருவர் கவலையோடு, வீட்டில் ஏதும் பிரச்சினையா என்று கேட்டார். இல்லை, அப்பாவோடு பேசுகிறேன் என்றேன். அவர் என் தோளைத் தட்டி, குடும்பம் என்றால் கஷ்டம்தான் என்று ஆறுதல் சொல்லி, தன் சாக்லேட்டில் பாதியைக் கொடுத்துவிட்டுப் போனார். எங்கிருந்து விளக்குவது, வாங்கிச் சாப்பிட்டேன்.

இப்போதெல்லாம் ஆறு மணிக்கு மணி அடிக்கும்போது நான் கெட்டில் போடுவதில்லை. சமையலறை ஜன்னலில் நிற்கிறேன். நோராவின் ஜன்னலில் மாதா மின்சார மெழுகுவத்தியோடு நிற்கிறார். அம்மா சொன்னபடி நான் இன்னும் கேட்கவில்லை. ரயிலில் போகிறவர்களுக்கும், சிலிண்டர் தூக்குகிறவர்களுக்கும், மாடி வீட்டுப் பெண்ணுக்கும், நோராவுக்கும் வரிசை மாறாமல் வேண்டிக்கொள்கிறேன். கடைசி வேண்டுதலையும் விடுவதில்லை. கீழ்க்கட்டளையில் தனியாக இருக்கும் இந்த மனுஷனுக்கு நல்ல புத்தி கொடுங்கள் என்று கேட்கிறேன். கேட்டுவிட்டு, அதை மட்டும் கொடுத்துவிடாதீர்கள் மாதாவே, நாளைக் காலையிலும் ஈரத் துண்டுப் படம் வர வேண்டும் என்று சேர்த்துக்கொள்கிறேன்.